முப்பது நாள் நோட்டீஸ்

எனக்கு நாற்பத்தொரு வயது நடக்கும்போது என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. அப்பாவுக்கு எழுபது, அம்மாவுக்கு அறுபத்தேழு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் நானும் ஒருத்தி. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது அறிவியல் டீச்சர் குடித்துக்கொண்டிருந்த டீயை மேசையில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கனடாவில் இருக்கும் என் தம்பிக்கு, அப்பா அம்மாவைக் கூப்பிட்டு ஆறு மாதம் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. மதுரை காளவாசலில் ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த விசா ஏஜென்ட் எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கு. மேரேஜ் சர்ட்டிபிகேட் மட்டும் காணோம்" என்றார்.

"அது எதுக்குப்பா?" என்றார் அப்பா.

"நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னு தெரியணும்ல, ஐயா."

அப்பா என்னைக் காட்டி, "இந்தா நிக்குதுல்ல சர்ட்டிபிகேட்டு" என்றார். ஏஜென்ட் சிரித்தார். ஆனால் காகிதம் வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை.

என் பெற்றோரின் கல்யாணத்துக்கு இருந்த ஆதாரம் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அப்பா மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரானார். அம்மா கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா, மாமா, சித்தி என்று வீடு முழுக்க ஆசிரியர்கள். அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேரும் சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். அப்பா இன்றைக்கும் அம்மாவை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. ஐயரும் இல்லாமல் பாதிரியாரும் இல்லாமல், அப்பாவின் அலுவலகச் சங்கத் தலைவர் ஒரு சின்ன மண்டபத்தில் மாலை எடுத்துக் கொடுத்துக் கல்யாணத்தை நடத்தி வைத்தார். சுயமரியாதைத் திருமணம். அது செல்லும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது என்பது அப்பாவுக்கு வாழ்நாள் பெருமை. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தச் சட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசாமல் பந்தியில் உட்கார மாட்டார்.

அதனால் பதிவு அலுவலகத்துக்குப் போன அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சொந்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரிதான் போனார். அங்கே இருந்த எழுத்தர் முப்பது வயதுப் பெண். படத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், அம்மாவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார். அதிலே நின்றுவிட்டார்.

"அம்மா கிறிஸ்டியனா?"

"ஆமா" என்றார் அம்மா.

"கல்யாணத்துக்கு முன்னாடி மதம் மாறுனீங்களா? இல்ல ஐயா மாறுனாரா?"

"யாரும் மாறல. நான் மாதா கோயிலுக்குப் போறேன், இவரு வாசல்ல நிப்பாரு."

எழுத்தர் பேனாவை மூடினார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. சுயமரியாதைக் கல்யாணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான் பொருந்தும். உங்களுக்கு அது பொருந்தாது."

"பொருந்தாதுன்னா?"

"சட்டப்படி இந்தக் கல்யாணம் நடந்ததா எடுத்துக்க முடியாது."

வீட்டில் ரேஷன் கார்டு இருந்தது, வாக்காளர் பட்டியல் இருந்தது, அப்பாவின் பணிப் பதிவேடு இருந்தது. எல்லாவற்றிலும் அம்மா மனைவிதான். நாற்பத்து மூன்று வருடம் அரசாங்கமே அவர்களைக் கணவன் மனைவி என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அப்ப நாங்க இம்புட்டு வருசமா?" என்று ஆரம்பித்த அப்பா மேசையிலிருந்த படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. "வழி இருக்கு ஐயா. சிறப்புத் திருமணச் சட்டத்துல பதியலாம். ஏற்கெனவே ஒரு சடங்கு நடந்து, அன்னையிலேருந்து சேர்ந்தே வாழ்றீங்கன்னா அதையே பதிஞ்சு குடுப்பாங்க. முப்பது நாள் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். யாரும் ஆட்சேபணை சொல்லலன்னா மூணு சாட்சியோட வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

அம்மா மட்டும் எந்தக் கலக்கமும் இல்லாமல் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் இன்னும் மிஸ்தானா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஆனையூர் வீட்டில் ஒரே கூத்து. அம்மா காலையில் காப்பி போடும்போது, "யார் வீட்டு ஆம்பளைக்கோ நான் எதுக்குக் காப்பி போடணும்?" என்பார். பக்கத்து வீட்டு அக்கா விஷயம் தெரிந்து, மாப்பிள்ளை அழைப்பு எங்கே என்று விசாரித்துவிட்டுப் போனார். தம்பி போனில், "அப்ப நானும் அக்காவும் சட்டப்படி யாரு?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. என் கணவரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் மறுநாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு முன்னாலும் இருந்த இனிஷியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாதான் சிரிக்கவில்லை. அவருக்கு என்ன வலித்தது என்று எனக்குப் புரிய நான்கைந்து நாளாயிற்று. அவருடைய ஊரில் சிறுவயதில் டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர். அதைத் தப்பு என்று முதலில் சொன்னது ஊரில் ஒரு மனிதரும் இல்லை, சட்டம். விடுதியில் சோறு போட்டது ஓர் அரசாணை. வேலை கொடுத்தது இன்னோர் அரசாணை. மற்றவர்கள் கஷ்டம் வந்தால் குலதெய்வத்திடம் போவார்கள். அப்பா அலமாரியில் வைத்திருக்கும் அரசிதழ்க் கட்டுகளிடம் போவார். அப்படிப்பட்டவரிடம் சட்டமே வந்து, உன் கல்யாணம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாளிலிருந்து அவர் தினமும் அதைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். "யாராச்சும் ஆட்சேபணை சொல்லிருந்தா?" என்பார்.

"யாரு சொல்லப் போறா? எனக்கு வேற மாப்பிள்ளை பாத்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு" என்பார் அம்மா.

பதிவு அலுவலகத் தாழ்வாரத்தில் கண்ணாடி போட்ட மரப் பலகை. அதில் எங்கள் நோட்டீஸுக்கு மேலே இன்னொரு ஜோடியின் நோட்டீஸ். எங்களுக்கு ஒன்பது நாள் முன்னால் ஒட்டியது. பையனுக்கு இருபத்தைந்து, பெண்ணுக்கு இருபத்துமூன்று. இரண்டு பேரின் புகைப்படம், பெயர், அப்பா பெயர், முழு முகவரி. அப்பா தினமும் அதையும் சேர்த்தே வாசித்துவிட்டு வருவார். "பய பேங்க்ல வேல பாக்குறான் போல. படத்துல டை கட்டிருக்கான்" என்று வீட்டில் சொல்வார். ஏதோ உறவுக்காரக் கல்யாணம் மாதிரி.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. எங்கள் பள்ளிக்கு மட்டும் ஏதோ விடுமுறை. அதனால் நானும் அங்கே இருந்தேன்.

"என்னப்பா?"

"ஒருத்தன் வந்து அந்தப் புள்ளைக நோட்டீஸ மட்டும் போன்ல போட்டோ எடுத்தான் தாயி. எங்களோடத எடுக்கல. யாருப்பான்னு கேட்டா, 'பொண்ணுக்குச் சித்தப்பா, உங்களுக்கு என்ன'ன்றான். போட்டோவ அங்கேயே நின்னு யாருக்கோ அனுப்புறான்."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ஐயா, பொது நோட்டீஸ், யாரும் பாக்கலாம். பாக்கத்தான் ஒட்டுறது'ன்னுச்சு அந்தப் புள்ள. சட்டப்படி அது சொல்றது சரிதான்." அந்தச் 'சரிதான்' அவர் வாயில் கசந்தது தெரிந்தது.

அம்மா மோர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்குத்தான் நான் அன்னைக்கு நோட்டீஸ் வேணாம்னேன்."

"என்னைக்கு?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. கூட வேல பாத்த டீச்சரோட வீட்டுக்காரரு வக்கீலு. அவருகிட்டக் கேட்டேன். 'மண்டபத்துல மாலை மாத்துறது உங்க ரெண்டு பேருக்கும் செல்லாதும்மா, முப்பது நாள் நோட்டீஸ் குடுத்துப் பதிவுத் திருமணம் பண்ணணும்'னாரு."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாப்பத்து மூணு வருசமா?"

"நீங்க கேக்கவே இல்லயே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அம்மா நிதானமாகவே பேசினார். "எங்க கோயில்ல கட்டணும்னா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிப்பாங்க. கவர்மெண்டுல கட்டணும்னா முப்பது நாள் போர்டுல ஒட்டுவாங்க. ரெண்டு பேருமே எங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் கட்டி வைப்பாங்க. ஒட்டுன ரெண்டாம் நாளே எங்க அண்ணன் என்னையத் தூக்கிட்டுப் போய் எங்கேயாச்சும் கன்னியர் மடத்துல விட்டிருப்பான். உங்க ஊருல உங்க ஆளுகள என்ன பண்ணிருப்பாங்களோ. சட்டத்துல செல்லுறதா, உயிரோட இருக்குறதான்னு யோசிச்சேன். மண்டபமே போதும்னுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல, டீச்சர்."

"சொல்லிருந்தா நோட்டீஸ் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னுருப்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

அப்பா எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, "வேற என்னவெல்லாம் எனக்குத் தெரியாது?" என்று கேட்டார்.

"நெறைய இருக்கு. ஒண்ணொண்ணா வரும்" என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து அப்பாவின் நடவடிக்கை மாறியது. முன்பெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது தண்ணீர் பாட்டிலும் செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு, அலுவலகம் திறக்கும்போது போய் அந்தப் பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் பூட்டும்போதுதான் வருவார். நோட்டீஸைக் கிழிக்கவோ மறைக்கவோ அவருக்கு மனம் வராது. அது சட்டவிரோதம். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையாம்.

இரண்டாவது நாளே அந்தச் சித்தப்பா, நோட்டீஸை நேரில் காட்ட இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதை எழுத்தர் பெண் எனக்குப் பிறகு நடித்தே காட்டினார். அப்பா எழுந்து பலகையை ஒட்டி நின்றுகொண்டு, "வாங்க மாப்ள, வாங்க. எங்க கல்யாண நோட்டீஸ வாசிக்க வந்தீகளா?" என்றாராம்.

"பெருசு, கொஞ்சம் தள்ளுங்க."

"இருங்க மாப்ள. இந்தா பாருங்க, மணமகன் வயசு எழுபது. மணமகள் அறுபத்தேழு. ஒரு பொண்ணு, ஒரு பய, ரெண்டு பேரப்புள்ளைக. ஆட்சேபணை ஏதாச்சும் உண்டா? உள்ள ஆபீசர் இருக்காக, எழுதிக் குடுங்க."

வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திரம் பதிய வந்த கூட்டம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அப்பா விடாமல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து தன் காதல் கதையைத் தொடங்கினார். அந்தக் கதை எவ்வளவு நீளம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் கதை மண்டபத்தை எட்டுவதற்குள் அந்த மூன்று பேரும் பைக்கைக் கிளப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எழுத்தர் பெண், அந்த ஜோடியின் விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குத் தன் சொந்த போனிலிருந்து பேசினார். "உங்க வீட்டுப் பக்கம் ஆளுக வரலாம். வேற எடத்துல இருங்க. போலீஸ்லயும் ஒரு மனு குடுத்து வைங்க" என்று சொல்லியிருக்கிறார். அதைச் செய்ய எந்த விதியும் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா இதற்குப் பிறகும் பெஞ்சை விடவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புதிதாக நோட்டீஸ் கொடுக்க வருகிறவர்கள் யாரிடம் எந்தப் படிவம் வாங்க வேண்டும் என்று அவரிடமே கேட்டார்கள். "மாப்பிள்ள சார்" என்று அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது.

அந்த ஜோடியின் முப்பது நாள் முடிந்த மறுநாள் காலை, எனக்குப் பள்ளியில் இரண்டாவது பீரியட். போன் அடித்தது. அப்பா.

"தாயி, நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா? சட்டத்துல இடமிருக்கா?"

"யாருக்குப்பா?"

"அந்தப் புள்ளைகளுக்கு. மூணாவது சாட்சியா வாரேன்னு சொன்ன கூட்டாளி வரல. போன எடுக்கல. பயந்துட்டான் போல. வாசல்ல ஒரு கான்ஸ்டபிள் நிக்கிறாரு. நேரம் ஆகுது. அந்தப் பய எங்கிட்ட வந்து, 'ஐயா, நீங்க போடுறீங்களா?'ன்றான்."

"போடுங்கப்பா."

"எனக்கே இன்னும் கல்யாணம் ஆகலயே, செல்லுமா?"

பதினெட்டு வயதானவர் யாரும் போடலாம் என்று சொன்னேன். போனை வைக்காமலே உள்ளே போனார். எனக்கு எல்லாம் கேட்டது. அதிகாரியின் குரல், நாற்காலி இழுக்கும் சத்தம், அந்தப் பெண் பிள்ளை உறுதிமொழியை வாசித்தது, பிறகு அப்பா தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னது. கரும்பலகைக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து என் வகுப்பு ஆச்சரியமாக அமைதியாக இருந்தது.

அந்த இரண்டு பேரும் கிளம்பும்போது அப்பா காலில் விழப் போயிருக்கிறார்கள். அவர் பதறி, "அதெல்லாம் வேணாம். வண்டி எங்க நிக்கிது, அதப் பாருங்க" என்று அனுப்பி வைத்தாராம். இப்போது வேறு ஒரு ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று அப்பா எங்களிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று மாலை அவர் வீட்டில் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "நோட்டீஸ் ஒட்டுற அந்த ஒரு விதிய எடுத்துட்டா இந்தச் சட்டம் நல்ல சட்டம், டீச்சர்." சட்டத்தில் ஒரு வரி தப்பு என்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா கேலி செய்யவில்லை. "எழுதிப் போடுங்க" என்றார். அவரும் எழுதினார், மூன்று பக்கம், தட்டச்சு செய்து. யாருக்கு அனுப்பினார், பதில் வந்ததா என்பதெல்லாம் தனிக் கதை.

எங்கள் நாள் ஒன்பது நாள் கழித்து வந்தது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. அம்மா கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவை கட்டினார். கேட்டால், "மொதக் கல்யாணத்துக்கு நூல் சேலைதான். இதுக்காச்சும் கட்டிக்கிறேன்" என்றார். சாட்சிகள் நான், என் கணவர், பக்கத்து வீட்டு அக்கா. அதிகாரி அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவேட்டை அவர் திருப்பி வைத்தார். அப்பா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மா பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு மண்டபத்துல அவசர அவசரமா மாலையப் போட்டுட்டீங்க. ஒரு வார்த்தை கேக்கல."

அதிகாரி சிரிப்பை மறைக்கக் கோப்பைத் தூக்கிப் பிடித்தார். எழுபது வயது மனிதர், அத்தனை பேர் முன்னால், காது மடல் சிவக்க, "சம்மதமா?" என்று கேட்டார்.

"சரி, போனாப் போகுது" என்று அம்மா கையெழுத்துப் போட்டார். அக்கா கை தட்டினார். வெளியே பத்திரம் எழுதுகிறவர்களும் தட்டினார்கள். எழுத்தர் பெண் ஒரு கேசரிப் பொட்டலத்தை நீட்டினார். சடங்கு நடந்த நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதிகாரி அதை எனக்காகவே வாசித்துக் காட்டினார். இத்தனை வயதில் எனக்கு அது எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

சாப்பிடப் போகலாம் என்று நாங்கள் மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். என் கணவர் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் முன்னே போய்விட்டார். நடத்துநர் அம்மாவுக்கும் எனக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பெரியவரே, உங்களுக்கு?" என்று பின்னால் போனார். அப்பா ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, மடியில் சான்றிதழை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்தவர் திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்து முன்னால் வந்தார்.

"டீச்சர், எங்க அப்பா பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சு."

"விடுங்க. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"அதெப்படி? இன்னைக்கே திருத்தணும். ஆபீஸ்ல அந்தப் புள்ள சாப்பிடப் போறதுக்குள்ள பிடிச்சிருவேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயிலில், வந்த வழியே வேகமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நாம போய்ச் சாப்பிடுவோம். எனக்குப் பசிக்கிது" என்றார்.